முப்பத்தொன்றாம் பக்கம்

காலை ஏழு மணிக்கு, ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் அந்த நீல அட்டை நோட்டு வந்து விழுந்தது. போட்டவன் அவள் கணவன். போட்ட விதத்திலேயே அவனுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

போன வாரம் நாம் இவர்களை விட்டபோது, அறிவிப்புப் பலகையில் கடைசிச் சுற்றின் பட்டியலை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் மேஜையில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே. மண்டபமே சிரித்தது. சிரிக்காத இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் ஏறி, வழியில் ஒரு வார்த்தை பேசாமல் வீடு வந்து சேர்ந்தார்கள்.

இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம். அவனுக்குச் சதுரங்க வட்டாரத்தில் மின்னல் என்று பெயர். எதிராளி யோசித்து யோசித்துக் காய் நகர்த்தும்போது, இவன் உட்கார்ந்த வேகத்தில் பதினைந்து நகர்த்தல்களை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அந்த மின்னலுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. வந்தது அவளிடமிருந்து. ஒன்பது வருஷமாக, அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அவனுக்கான ஆட்டத் தொடக்கங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, சோதித்து, அந்த நோட்டில் எழுதிவைத்தது அவள்தான். "கண்டுபிடிக்கிறது உன் வேலை, ஜெயிக்கிறது என் வேலை" என்பான். அதைப் பாராட்டு என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

நோட்டுக்கு ஒரு முறை இருந்தது. சந்தேகமாக இருப்பதைப் பென்சிலில் எழுதுவாள். பத்துத் தடவை பார்த்து, இனி யார் வந்தாலும் அசைக்க முடியாது என்றால் பேனாவால் எழுதுவாள். அச்சகத்தில் பழகிய பழக்கம். மின்னல் பேனாவில் இருப்பதை மட்டும் மனப்பாடம் செய்வான். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டான்.

இந்தப் போட்டியில் அவள் கலந்துகொண்டதே ஒரு வேடிக்கை. இருபத்து மூன்று பேர்தான் சேர்ந்திருந்தார்கள், ஜோடி சேராமல் சுற்றுக்கு ஒருவர் சும்மா உட்கார வேண்டியிருந்தது. "எம் பொண்டாட்டியை உக்கார வெக்கிறேன் சார், குதிரை எப்படிக் குதிக்கும்னு அவளுக்குத் தெரியும்" என்று மின்னல்தான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். எண்ணிக்கை சரிக்கட்ட உட்கார்ந்தவள் எட்டுச் சுற்றில் ஆறு புள்ளி எடுத்திருந்தாள். மின்னலுக்கு ஆறரை. முதலாவதாக வருகிறவருக்குத் தேசிய அணியில் இடம். இருப்பது ஒரே இடம். மின்னலுக்கு டிரா போதும். அவளுக்கு ஜெயித்தாக வேண்டும்.

"டிரா பண்ணிடலாம்" என்றான் மின்னல், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"முப்பது நகர்த்தலுக்கு முன்னாடி டிரா கேக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆனா ஒரே நிலை மூணு தடவை வந்தா அது தானா டிரா. அப்படிப் பண்ணிட்டா எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"பேசி வெச்சு ஆடறது தப்பில்லையா?"

"யாரு போய்ச் சொல்லப் போறா? நீயா?"

மாமியார் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினார். மகன் விஷயத்தில் அவருக்கு ஒரு காது எப்போதும் தனியாக வேலை செய்யும். "அவன் ஒன்பது வருஷமா இதுக்காக அலையறான். நீ ஒன்பது நாளா ஆடற. யாருக்கு நியாயம்னு நீயே சொல்லும்மா."

"நான் ஒண்ணும் சொல்லலையே அத்தை."

"சொல்லாம இருக்கியே, அதுதான் பயமா இருக்கு."

உண்மையைச் சொன்னால், அவள் சம்மதிக்கத்தான் இருந்தாள். இரவெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து, இந்த வீட்டிலேயே இருக்க வேண்டியவள் இந்த வீட்டை எதிர்த்து ஜெயித்து என்ன காணப் போகிறோம் என்ற முடிவுக்கு வந்திருந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் அவன் வாயை மூடிக்கொண்டு ரொட்டியைத் தின்றிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும்.

அவன் நோட்டைப் புரட்டினான். "சும்மா ராணியை முன்னும் பின்னும் ஆட்டினா அசிங்கமா இருக்கும். பார்க்கறவன் வாயைப் பொளக்கற மாதிரி ஒரு டிரா வேணும். நீ பிஷப்பைத் தியாகம் பண்ற, நான் அடிக்கறேன், ராஜா நடுத்தெருவுக்கு வர்றாரு, நீ செக் மேல செக் வெக்கற, நான் தப்பிக்கறேன். மூணு தடவை. டிரா. எப்படி?"

"எந்தப் பக்கம்?"

"முப்பத்தொண்ணு" என்றான், வாயில் ரொட்டியோடு.

அவள் கையிலிருந்த கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

முப்பத்தொன்றாம் பக்கம் எழுதிய நாள் அவளுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போன் செய்தான். அப்பா பேச ஆசைப்படுகிறார், உடனே வா என்றான். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டியபோது மின்னல் வாசலில் நின்றான். மறுநாள் அவனுக்கு ஒரு முக்கியமான ஆட்டம். பக்கம் பாதியில் நின்றது. "ஒரு பக்கம்தானே, முடிச்சிட்டுக் கிளம்பு. உங்கப்பா எங்க போயிடப் போறாரு?" என்றான். மாமியார் அவள் தோளிலிருந்து பையை வாங்கி உள்ளே வைத்தார். அவள் உட்கார்ந்தாள். பென்சிலில் இருந்ததைச் சோதிக்காமலே பேனாவால் எழுதினாள். 'பயமில்லை, அடி' என்று எழுதினாள். கடைசியில் 'டிரா' என்று எழுதினாள். போய்ச் சேர்ந்தபோது அப்பா முகத்தை மூடியிருந்தார்கள்.

மறுநாள் எதிராளி வேறு எதையோ ஆடினான். அந்தப் பக்கம் தேவையே படவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவள் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பிழை திருத்துகிறவள் இல்லையா, கண் தானாகப் போய் நின்றது. அந்தச் செக் வரிசையின் நடுவே வெள்ளைக்கு ஓர் அமைதியான நகர்த்தல் இருந்தது. செக் இல்லை, வெட்டு இல்லை. யானை இரண்டு கட்டம் முன்னால் வரும், அவ்வளவுதான். அதற்கப்புறம் கறுப்பு ராஜா செத்தார். அவள் பேனாவை எடுத்தாள். பிறகு மூடி வைத்தாள். வாழ்க்கையில் அவள் பார்த்தும் திருத்தாமல் விட்ட ஒரே பிழை அதுதான்.

இப்போது அதே பக்கத்தைத் தட்டி, "ஞாபகம் இருக்கில்ல?" என்று கேட்கிறான்.

"இருக்கு."

"அப்ப சரியா?"

"சரி" என்றாள்.

மாமியார் அவள் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார். அவ்வளவு அன்பு அந்த வீட்டில் வழக்கமில்லை.

*

பத்து மணிக்குத் தலைமை நடுவர் கடிகாரங்களை ஓடவிட்டார். பெரிய உருவம், ரப்பர் செருப்பு. நடப்பது யாருக்கும் கேட்காது என்பதால் ஆட்டக்காரர்கள் அவரைப் பூனை சார் என்பார்கள். ஏதாவது தகராறு நடந்தால், திரும்பிப் பார்க்கும்போது அவர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருப்பார்.

மாமியார் பார்வையாளர் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் கைப்பை, பைக்குள் நோட்டு. நோட்டை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒன்பது வருஷமாக அதற்குக் காவல் அவர்தான். சதுரங்கத்தில் அவருக்கு ஒரு காயும் தெரியாது. ஆனால் எதிர்ச்சுவரில் பெரிய திரையில் ஒவ்வொரு நகர்த்தலும் எழுத்தும் எண்ணுமாக விழும், நோட்டிலும் அதே எழுத்தும் எண்ணும்தான். திரையில் ஒன்று விழுந்ததும் பையைக் கொஞ்சம் திறந்து, நோட்டில் விரல் வைத்து ஒத்துப் பார்ப்பார். ஒத்துப்போனால் மகன் நன்றாக ஆடுகிறான் என்று அர்த்தம். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரர்களிடம், "இன்னும் நாலு நகர்த்தல்ல பாருங்க" என்று ஆரூடம் வேறு சொல்லுவார்.

அவள் வெள்ளை. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். மின்னல் பிரெஞ்சுத் தற்காப்பை ஆடினான். அது பொறுமைக்காரர்களின் தொடக்கம்: கறுப்பு சுவரை எழுப்பிக்கொண்டு சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், வெள்ளை இடத்தைப் பிடித்துக்கொண்டு சுவரை இடிக்கப் பார்க்கும். பதினொன்றாவது நகர்த்தலுக்குள் அவள் நடுவில் ஒரு சிப்பாயை இனாமாகக் கொடுத்திருந்தாள். அவன் அதைத் தின்றுவிட்டு ராணியை இடது பக்கம் ஒதுக்கினான். ராஜாவைக் கோட்டைக்குள் வைத்தான். கோட்டையைக் காத்த யானையை ஒரு கட்டம் நகர்த்தினான். எல்லாம் நோட்டில் இருந்தபடி. பன்னிரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

பக்கத்து மேஜையில் ஆடிய பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். போட்டியில் அவர் மூன்றாவது இடம். "என்ன மின்னல், வீட்டுலேயே ஒத்திகை பார்த்துட்டு வந்துட்டீங்களா?" என்று முணுமுணுத்தார். மின்னல் சிரித்தான். பூனை சார் சிரிக்கவில்லை.

பதினாலாவது நகர்த்தல். அவள் பிஷப்பை எடுத்து, கறுப்பு ராஜாவின் வாசலில் நின்ற சிப்பாயை அடித்தாள். செக்.

திரையில் விழுந்ததும் மண்டபத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. மாமியார் விரலை நகர்த்திப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தார். 'பயமில்லை, அடி' என்று அங்கே பேனாவில் இருந்தது.

மின்னல் அடித்தான். யோசிப்பதுபோல ஒரு பாவனைகூடச் செய்தான், நெற்றியைத் தடவினான். நல்ல நடிகன். குதிரை பாய்ந்து வந்து செக் வைத்தது, ராஜா பின்வாங்கினார். ராணி வந்தாள். கறுப்புக் குதிரை ராஜாவுக்குப் பக்கத்தில் வந்து காவலுக்கு நின்றது. ராணி இன்னொரு சிப்பாயைத் தின்று செக் வைத்தாள். ராஜா மூலைக்குப் போனார். ராணி விலகி ஓரத்திலிருந்து செக். ராஜா மூலையை விட்டு வந்தார். ராணி திரும்பி வந்து செக். ராஜா மறுபடி மூலைக்கு.

இரண்டு தடவை ஆகிவிட்டது. இன்னும் ஒரு தடவை ராணி போய்த் திரும்பினால் கதை முடிந்தது. மின்னல் அணியில் போய் உட்காருவான், அவள் அச்சகத்துக்குப் போவாள்.

அவள் ராணியின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். தொடவில்லை. கையைத் திரும்ப எடுத்து மேஜை விளிம்பில் வைத்தாள். பிறகு எழுந்து போய் டீ வாங்கினாள். நிதானமாகக் குடித்தாள்.

தூரத்திலிருந்து அவனைப் பார்த்தாள். அவன் பேனாவை எடுத்து ஸ்கோர் ஷீட்டின் அடியில், முடிவு எழுதும் கட்டத்தில், டிராவுக்குக் கிடைக்கும் அரைப் புள்ளியை எழுதிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிவதற்கு முன்பே எழுதினான். அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அம்மா கன்னத்தில் கை வைத்துப் பூரித்துப் போனார். அதைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள். கோப்பையின் அடியில் இருந்த கடைசி மடக்கையும் குடித்தாள்.

வந்து உட்கார்ந்தாள். யானையை எடுத்து இரண்டு கட்டம் முன்னால் வைத்தாள். கடிகாரத்தை அழுத்தினாள்.

மின்னல் பழக்க வேகத்தில் ராஜாவைத் தொடப் போனான். தொடப்போன கை அந்தரத்தில் நின்றது. செக் இல்லை. ராணி இருந்த இடத்திலேயே இருந்தாள். அவன் பலகையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"அந்தப் பக்கத்துல இது இல்ல" என்றான், உதடு அசையாமல்.

"இல்லதான். எழுத நேரமில்ல."

"டிரான்னு நீதானே எழுதின? பேனாவுல!"

"நீங்கதான் சீக்கிரம் முடிக்கச் சொன்னீங்க."

அவனுக்குப் புரியவில்லை. எதைச் சொல்கிறாள், எப்போது சொன்னேன் என்று தேடுகிற முகம். நோட்டில்லாமல் அவன் பலகையைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. யானை அடுத்ததாக ஓரத்துக்கு வந்து செக் வைக்கும் என்பது மட்டும் தெரிந்தது. குதிரையை நடுவில் வைத்தால் குதிரை போகும், ராஜாவும் போவார். காவல் யானையை நகர்த்தினால் ராணி உள்ளே வருவாள். விரல் நுனிகளால் ஒவ்வொரு காயாகத் தொடாமல் தொட்டுப் பார்த்தான்.

பத்து நிமிஷம் போனது. இருபது நிமிஷம் போனது. மின்னல் இவ்வளவு நேரம் ஒரு நகர்த்தலுக்கு எடுத்து யாரும் பார்த்ததில்லை, ஆகவே மற்ற மேஜைக்காரர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஒருவன் யானை நகர்த்தலைப் பார்த்து மெல்ல விசிலடித்தான். பூனை சார் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

அவள் முன்னால் குனிந்தாள். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஒரு ஆட்டம்தானே, முடிச்சிட்டுக் கிளம்புங்க. உங்க ராஜா எங்க போயிடப் போறாரு?"

நாலு வருஷமாக வைத்திருந்த வாக்கியம். அவன் முகம் மாறும், அந்தக் காலை நினைவுக்கு வரும், அதைப் பார்க்கலாம் என்று காத்திருந்தாள். அவனோ குனிந்து, ராஜா எங்கே போகலாம் என்று நிஜமாகவே பலகையில் தேடினான்.

அந்த ஒரு நொடியில் அவளுக்கு ஜெயித்த ருசி போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் அவன் ராஜாவை விரலால் தள்ளிப் படுக்க வைத்தான். கை கொடுக்கவில்லை. ஸ்கோர் ஷீட்டில் எழுதியிருந்த அரையை அடித்துவிட்டு சுழியம் போட்டான். பூனை சார் அவன் தோளுக்குப் பின்னால் நின்று அந்த அடித்தலைப் பார்த்தார். பார்த்ததும் நடக்கத் தொடங்கியவர், ஏனோ நின்றார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். மாமியார் விடவில்லை.

யானை நகர்ந்ததும் மண்டபத்தில் முதலில் திடுக்கிட்டவர் அவர்தான். திரையில் விழுந்த எழுத்து நோட்டில் இல்லை. மறுபடி பார்த்தார், இல்லை. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார், முப்பத்திரண்டிலும் இல்லை. மகன் ராஜாவைப் படுக்க வைத்ததும் எழுந்தார். கயிற்றைத் தாண்டினார். நோட்டைத் திறந்து பூனை சார் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சார், இவ ஏமாத்திட்டா! இங்க பாருங்க, எல்லாம் தெளிவா எழுதியிருக்கு. எழுதினபடி ஆடவே இல்ல!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் நோட்டை எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா, சும்மா இரு" என்றான் மின்னல்.

"நான் ஏன்டா சும்மா இருக்கணும்? ஆரம்பத்துலேர்ந்து விரல் வெச்சுப் பார்த்துட்டே வர்றேன். ஒண்ணு விடாம சரியா வந்தது. கடைசியில மாத்திட்டா. டிரான்னு போட்டிருக்கு பாருங்க சார், டிரான்னு!"

பூனை சார் நோட்டை வாங்கிக்கொண்டார். நின்ற இடத்திலேயே படித்தார். திரையைப் பார்த்தார். மறுபடி படித்தார். "மூணு பேரும் என் அறைக்கு வாங்க" என்றார்.

*

அறையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, உடைந்த கடிகாரங்கள் அடுக்கிய ஒரு அலமாரி. பூனை சார் கதவைச் சாத்தினார்.

"பத்தொன்பது நகர்த்தல் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கு. இவரு ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே அரைன்னு எழுதிட்டாரு. பேசி வெச்சு ஆடியிருந்தா ரெண்டு பேருக்கும் சுழியம், போட்டியிலேர்ந்தும் நீக்கம். அணி இடம் பல் டாக்டருக்குப் போகும். இது யாரோட நோட்டு?"

"என்னோடது" என்றான் மின்னல். யோசிக்கவே இல்லை, பழைய வேகம் திரும்பிவிட்டது. "நான் எழுதினது. என் தயாரிப்பு சார். ஒன்பது வருஷ உழைப்பு. இவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவ தற்செயலா அதே வழியில வந்தா, நான் டிரா ஆயிடும்னு நெனச்சு அவசரப்பட்டு எழுதிட்டேன். அவ்வளவுதான்."

மாமியார் வாயைத் திறந்தார். மகன் அவர் காலை மிதித்தான். வாயை மூடிக்கொண்டார்.

அவள் அவனைப் பார்த்தாள். கெட்டிக்காரன்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். நோட்டு அவனுடையது என்றால் பேசி வைத்தது என்று நிரூபிக்க முடியாது. ஆட்டம் செல்லும். அவள் ஜெயித்தது ஜெயித்ததுதான், அணியில் இடம் அவளுக்கு. அவளை மேலே ஏற்றிவிட்டு, நோட்டை அவன் வைத்துக்கொள்வான். ஒன்பது வருஷமும் அவனுடையதாகிவிடும், முப்பத்தொன்றாம் பக்கமும் சேர்த்து. அவள் செய்ய வேண்டியது, வாயைத் திறக்காமல் இருப்பது. அதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

"அப்படியாம்மா?" என்று பூனை சார் அவளைக் கேட்டார்.

அவள் மேஜையில் கிடந்த நோட்டைப் பார்த்தாள்.

பூனை சார் இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்துப் போட்டார். பக்கத்தில் ஒரு பென்சிலும் ஒரு பேனாவும். "வாய்ப்பேச்சு வேணாம். இந்தப் பக்கத்தோட கடைசி ஆறு வரியை ரெண்டு பேரும் எழுதுங்க. கையெழுத்தைப் பார்த்துட்டு நான் முடிவு பண்றேன்."

மின்னல் பேனாவைப் பிடுங்கினான். அவளுடைய எழுத்து குண்டு குண்டாக இருக்கும், பிழை திருத்துகிறவர்களின் எழுத்து. அவனுடையது சரிந்து ஓடும். நாக்கைத் துருத்திக்கொண்டு, எழுத்துகளை உருட்டி உருட்டி எழுதினான். நாலாவது வரியில் கை பழையபடி சரிந்துவிட்டது. தாளைத் தள்ளிவிட்டு அவளைப் பார்த்தான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கெஞ்சினான், கண்ணால்தான். மாத்தி எழுது என்றது அந்தக் கண். கோணலாக எழுது, வேறு மாதிரி எழுது, உனக்கும் நல்லதுதானே என்றது.

"எழுதேம்மா, என்ன பார்த்துட்டிருக்க" என்றார் மாமியார்.

அவள் பென்சிலைத் தொட்டாள். பிறகு அதை ஒதுக்கிவிட்டு, அவன் கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

நேராக உட்கார்ந்து எழுதினாள். குண்டு எழுத்து, இடைவெளி அளந்து, ஆறு வரி. 'பயமில்லை, அடி' என்பதைக்கூட விடவில்லை. 'டிரா' என்பதை எழுதி, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அச்சகத்தில் நீக்குவதற்குப் போடும் சுழியைப் போட்டாள். ஓரத்தில் யானையின் நகர்த்தலை எழுதினாள். அடியில், திருத்தி முடிந்த பக்கத்தில் போடுவதுபோல, 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

பூனை சார் தாளையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நோட்டை முதலிலிருந்து புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் அதே குண்டு எழுத்து. நோட்டை மூடினார். பிறகு கதவைத் திறந்து வெளியே நின்ற உதவியாளரிடம், "பல் டாக்டரைக் கிளம்ப வேணாம்னு சொல்லு. நான் மேலிடத்துக்குப் போன் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். இந்தத் தடவை அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

"யாருக்குப் பல் வலி?" என்று கேட்டார் மாமியார்.

மின்னல் நாற்காலியை அவள் பக்கம் இழுத்தான். கோபம்கூட இல்லை அவனிடம், அவ்வளவு திகைப்பு. "உனக்கும்தானேடி போகப் போகுது. கையில வந்த இடத்தை யாராவது இப்படித் தூக்கிப் போடுவாங்களா? எதுக்கு எழுதின?"

அவள் பேனாவை மூடினாள். "அந்தப் பக்கத்துல ஒரு தப்பு இருந்தது. நாலு வருஷமா எனக்குத் தூக்கமில்ல."

அவன் புருவத்தைச் சுருக்கினான். அம்மாவைப் பார்த்தான். அம்மாவும் உதட்டைப் பிதுக்கினார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி என்ன நடந்தது?" என்று கேட்டான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.